முன்சுவர் இல்லாத பள்ளிக்கூடம்

டிசம்பர் பிறந்துவிட்டால் செலினைக் கையில் பிடிக்க முடியாது. ஏரிக்கரையில் களிமண் தோண்டிக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் தென்னங்கீற்றைக் கிழித்து ஈர்க்கு சீவிக்கொண்டிருப்பாள். வீட்டில் சோறு பொங்கியதா, புருஷன் ரயிலைப் பிடித்தானா என்ற கவலையெல்லாம் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான். கோயில்மேட்டுக் கோயிலில் அவள் கட்டுகிற குடிலைப் பார்ப்பதற்கென்றே பூந்தமல்லியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சேசுபாலன் சுரூபம் என்னவோ அதே பழைய சுரூபம்தான், மூக்கு நுனி கொஞ்சம் உடைந்தும் போயிருந்தது. ஆனால் அதைச் சுற்றிச் செலின் எழுப்பியிருக்கிற மாட்டுக்கொட்டிலைப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்குப் பெத்லகேமைவிட அம்பத்தூரே வசதி என்று தோன்றும்.

அம்பத்தூர் ஏரிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் ஆளுயரம் உயர்ந்திருந்த திடல்தான் கோயில்மேடு. கொஞ்சம் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில், ஒரு புளியமரம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் ஆரோக்கியசாமி வைத்ததுதான் சட்டம். செலின் அங்கே பள்ளிக்கூட டீச்சர். பள்ளிக்கூடம் என்றால் அந்தப் புளியமரம்தான். மழை வந்தால் லீவு. காக்கை எச்சமிட்டால் சிலேட்டைக் கழுவ ஏரிக்கு ஓட்டம்.

மரத்தடியை விட்டுக் கூரைக்குப் போகலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தபோது, யார் திட்டம் போடுவது என்ற பேச்சே எழவில்லை. "குடில் கட்டற கைதானே, பள்ளிக்கூடம் கட்டாதா?" என்றார் ஆரோக்கியசாமி. எல்லாரும் தலையாட்டினார்கள். செலினும் ஆட்டினாள். அவள் ஆட்டியிருக்கக்கூடாது என்று பிறகு பேசினவர்கள் எல்லாம் அன்றைக்கு அவளைவிட வேகமாக ஆட்டினவர்கள்தான்.

மூன்று பக்கம் மண்சுவர். முன்பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், சுவரே கிடையாது. பின்னாலிருந்து முன்னால் உயர்ந்து வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிற ஒரே சாய்ப்புக் கூரை. கீழ்ப்புற வயலில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்தால் போதும், பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருப்பது அப்படியே தெரியும். பக்கத்து ஊர்களில் கூரை வேய்கிற உலகநாதன், மேலே உட்கார்ந்து கீற்று கட்டிக்கொண்டே, "சும்மா தேர் மாதிரி கீது டீச்சரம்மா," என்று அகமகிழ்ந்து போனான். அவன் அதுவரை வேய்ந்ததெல்லாம் குனிந்து நுழைகிற சின்னச் சின்ன வீடுகள். இத்தனை பெரிய கூரை அவனுக்கும் புதிது.

அந்தத் திறந்த முன்பக்கத்தினால் ஒரு நன்மை நடந்தது. கீழ்ப்புற வயலுக்குச் சொந்தக்காரி பூங்காவனம். விவசாயக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம், ஒரே மகள். மகள் பெயர் பேபி. ரயிலடிப் பக்கம் வெள்ளைக்காரக் குழந்தையை யாரோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, அது ஒரு பெயர் என்று நினைத்து அவள் அப்பன் வைத்தது. "கண்ணுக்கு மறைவா எம்பொண்ண எங்கியும் உடமாட்டேன்," என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவள் பூங்காவனம். களை எடுக்கிற இடத்திலிருந்தே பேபி தெரிகிறாள் என்றதும் அனுப்பிவைத்தாள். அவளைப் பார்த்து மற்ற தாய்மாரும் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். செலின் அந்த நாட்களில் தரையில் நடக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தோஷம் பறந்துபோனது. பறந்தது என்று சும்மா சொல்லவில்லை. கோயிலுக்குள் எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து காற்று எழுந்தது. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், பள்ளிக்கூடக் கூரை மொத்தமாகக் கிளம்பி, புளியமரத்தை உரசி, சுழன்றடித்த காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசைக்கே திரும்பிக் கீழ்ப்புற வயலில் போய் விழுந்து கிடந்தது. வயலில் பூங்காவனம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏது லீவு? தலைக்கு மேல் ஒரு கூரை பறந்து வருவதைப் பார்த்து, களைக்கொட்டைப் போட்டுவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்தவள், எழுந்தபோது பக்கத்திலேயே மூங்கில் முனை நாற்றைக் குத்திக்கொண்டு நின்றது.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அவள் சேறும் கண்ணீருமாக மேட்டுக்கு ஏறி வந்து செலினுக்கு முன்னால் நின்றாள்.

"இன்னிக்கி ஞாயித்துக்கெயம. நேத்தா இருந்தா? நேத்து எம்பொண்ணு அது அடியிலதானே குந்தினு இருந்துச்சு?"

செலின் வயலில் கிடந்த கூரையைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டு ஆட்டக்கூட இனிமே நீ கட்ற கூரைல கட்டமாட்டேன், தெர்தா?" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் இறங்கிப் போனாள்.

மறுநாள் பேபி வரவில்லை. அதற்கு மறுநாள் மற்றப் பெண்பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். மேட்டிலேயே இருக்கிற கோயில் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் பழையபடி புளியமரத்தடிக்கு வந்தார்கள். ஆரோக்கியசாமி கெட்டவர் இல்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். "செலினம்மா, குடில் கட்றதுல உன்ன அடிச்சிக்க ஆள் கெடயாது. அத்தோட நிறுத்திக்க. கூரையெல்லாம் வேற சமாச்சாரம்."

அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் செலின் சண்டை போட்டிருப்பாள். சரியாக இருந்ததுதான் வேதனை.

அன்று சாயங்காலம் கூரை போன பள்ளிக்கூடத்துக்குள் போய் நின்று பார்த்தாள். மூன்று சுவரும் நனைந்து நின்றன, ஒன்றும் இடியவில்லை. திறந்திருந்த முன்பக்கம் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்து, போக வழியில்லாமல் பின்சுவரில் முட்டி மேலே ஏறியது. அவள் முந்தானை தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே படபடத்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் கட்டினது பள்ளிக்கூடமே இல்லை. பெரிதாக்கின குடில். குடிலுக்கு முன்சுவர் வைத்தால் பாலன் எப்படித் தெரிவார் என்று வருஷா வருஷம் மூன்று சுவரோடு நிறுத்திப் பழகின கை, பிள்ளைகளுக்கும் அதையே கட்டிவிட்டது. குடில் நிற்கிற இடம் எது? கோயிலுக்குள், ஓட்டுக்குக் கீழே. அது ஒருநாளாவது காற்றைக் கண்டதுண்டா, மழையைக் கண்டதுண்டா? இத்தனை வருஷம் அவள் கட்டினதெல்லாம் வேடிக்கை பார்க்கத்தான். நிற்க வைக்கிற வித்தையை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.

"அப்ப கத்துக்கறேன்," என்று அந்த ஈரச் சுவர்களிடம் உரக்கவே சொன்னாள்.

யாரிடம் கற்றுக்கொள்வது? பட்டணத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டுகிற துரைமார் கோயில்மேட்டுக்கு வந்து சொல்லித்தரப் போவதில்லை. அவளுக்குத் தெரிந்தது களிமண், ஈர்க்கு, பனைநார். அதனிடமே கேட்பது என்று முடிவு செய்தாள். பறந்துபோன பள்ளிக்கூடத்தை அப்படியே முழ நீளத்தில் களிமண்ணால் செய்தாள். ஈர்க்கால் கூரை தாங்கும் கைமரம், பனையோலைக் கிழிசலால் கூரை. காய்ந்த பிறகு முற்றத்தில் வைத்து, முறத்தை எடுத்து முன்பக்கமிருந்து ஓங்கி விசிறினாள். கூரை எகிறிப்போய்த் துளசிச் செடியில் மாட்டிக்கொண்டது. நெஞ்சில் ஒரு குத்து குத்தினாலும், செலினுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. பெரியது எப்படிப் பறந்ததோ, சின்னதும் அப்படியேதான் பறக்கிறது. அப்படியென்றால் சின்னது நின்றால் பெரியதும் நிற்கும்.

முதலில் கூரை லேசாக இருப்பதுதான் கோளாறு என்று நினைத்து மேலே கூழாங்கல் அடுக்கினாள். ஈர்க்கு வளைந்து கூரை உள்ளே உட்கார்ந்தது. பிறகு கூரையைச் சுவரோடு சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டினாள். இந்தத் தடவை கூரை போகும்போது சுவரையும் பெயர்த்துக்கொண்டு போனது. தினமும் சாயங்காலம் ஒன்று செய்வாள், காயவைப்பாள், அடித்து நொறுக்குவாள். விசிறி விசிறித் தோள்பட்டை வீங்கின பிறகு புருஷனைப் பிடித்தாள். ஜோசப்ராஜுக்குப் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நல்ல மனுஷன், கேலி மட்டும் கூடப்பிறந்தது.

"நாளெல்லாம் அங்க சுத்தியல் அடிச்சிட்டு வரேன். ஊட்டுக்கு வந்தா காத்து வேற அடிக்கணுமா? இன்னாமே இது?"

"பேசாம விசிறுங்க. கெயக்காலருந்து விசிறுங்க, தெக்கால நின்னுகினு கீறீங்க."

"காத்துக்கு இவ்ளோ அதிகாரம் பண்ற பொம்பளைய நான் பாத்ததே இல்ல," என்றபடி அவன் கிழக்கே நகர்ந்தான். ஊரெல்லாம் சிரித்தது. டீச்சரம்மா பொம்மை வீடு கட்டுகிறாள், புருஷன் பக்கத்தில் நின்று முறம் வீசுகிறான் என்று ரயிலில்கூடப் பேச்சு. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் குடில் ரொம்பச் சுமார். செலின் அதை அரை மனதோடு கட்டிவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டாள்.

வழி காட்டியது ஒரு கோழி. காயவைத்திருந்த களிமண் வீட்டின் பின்சுவரை, நெல் ஒட்டியிருந்ததோ என்னவோ, அது கொத்திக் கொத்தி மேல்பாதியைத் தின்று தீர்த்திருந்தது. செலினுக்கு வந்த ஆத்திரத்தில் கோழி அன்றைக்கே குழம்பாகியிருக்க வேண்டியது, ஓடித் தப்பித்தது. வேறு செய்ய நேரமில்லை. இருக்கட்டும் என்று அதையே வைத்து ஜோசப்ராஜை விசிறச் சொன்னாள். அவன் விசிறினான். கூரை ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு அங்கேயே நின்றது.

"இன்னொரு தபா," என்றாள்.

அவன் இன்னும் ஓங்கி விசிறினான். கூரை நின்றது. முன்னால் நுழைந்த காற்று பின்னால் கோழி திறந்துவிட்ட வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை போட்டுப் பார்த்தாள். புகை உள்ளே நுழைந்து, நேரே பின்பக்கம் வெளியேறிப் போனதைக் கண்ணால் கண்டபோது அவளுக்கு அழுகை வந்தது. காற்றை மறித்தால் அது முட்டும். போக விட்டால் போய்விடும். இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பாடு என்று ஜோசப்ராஜ் கேட்டபோது, "சின்னதா? நீங்க போய்க் கண்டுபுடிச்சிருக்கலாமே," என்று பாய்ந்தாள்.

அதற்குப் பிறகு தோற்பது குறைந்தது என்று சொல்ல முடியாது. பக்கவாட்டிலிருந்து விசிறினபோது மறுபடி பறந்தது. ஒரே சாய்ப்பை விட்டு, நாலு பக்கமும் சாய்ந்து தாழ்ந்து வருகிற கூரை செய்தாள். எந்தப் பக்கம் விசிறினாலும் காற்றுக்குப் பிடிமானம் இல்லாமல் வழுக்கிப் போனது. செம்பில் தண்ணீர் எடுத்து வேப்பங்கொத்தால் தெளித்துப் பார்த்தாள். முன்பக்கம் உள்ளே நனைந்தது. அங்கே வாசல் மட்டும் விட்டு, தொடையளவு அரைச்சுவர் வைத்து, கூரையின் ஓரமான எரவாணத்தை இன்னும் கீழே இறக்கினாள். தரை காய்ந்திருந்தது.

ஆனால் எரவாணத்தை இறக்கினதும் இன்னொரு வயிற்றெரிச்சல். நின்று பார்த்தால் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. கண்ணுக்கு மறைவாக விடமாட்டேன் என்ற பூங்காவனத்தின் முகம் முன்னால் வந்து நின்றது. காற்றுக்கு நிற்கிற வீட்டைக் கட்டி, அதற்குள் பிள்ளை இல்லாவிட்டால் என்ன லாபம்? உள்ளே விளையாட்டுப் பிள்ளைகளாகக் கொஞ்சம் புளியங்கொட்டையை வரிசை வைத்து, எங்கிருந்து பார்த்தால் தெரியும் என்று முற்றம் முழுக்கச் சுற்றினாள். நின்றாள், குனிந்தாள், முட்டி போட்டாள். கடைசியில் தள்ளிப் போய்க் கன்னம் மண்ணில் படும்படி குப்புறப் படுத்துப் பார்த்தாள். எரவாணத்துக்கும் அரைச்சுவருக்கும் நடுவே புளியங்கொட்டைத் தலைகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, வயல் பள்ளத்தில் இருக்கிறது. தாய்மார் நிற்பது கீழே, தள்ளி. பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் கூரை மறைக்கும். அந்தப் பக்கமாக வந்த உபதேசியார், டீச்சரம்மா மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று தண்ணீருக்கு ஓடினார்.

அவரிடமே கேட்டாள். "மறுபடி கட்றேன், உபதேசியாரே."

"பொம்மைக்கு முறக்காத்து போதும்மா. ஊட்டுக்கு அது போதாதே," என்றார் அவர். குதர்க்கமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார். ஜோசப்ராஜும் சிரிக்காமல் அதையே சொன்னான். செலின் ராத்திரி முழுக்கக் கோபித்துக்கொண்டு படுத்திருந்து, அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று காலையில் ஒப்புக்கொண்டாள். பூங்காவனம் சொன்ன ஆடு நினைவுக்கு வந்தது. சரி, ஆட்டிலிருந்தே தொடங்குவோம்.

தன் வீட்டுப் பின்னால் தன் ஆடுகள் நிற்கிற உயரத்தில் ஒரு கொட்டகை போட்டாள். உலகநாதன்தான் உதவிக்கு வந்தான். கூரை பறந்த நாளிலிருந்து அவனையும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கட்டினவளோடு வேய்ந்தவனுக்கும் பங்கு உண்டல்லவா? இந்தத் தடவை அவன் தேர் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒவ்வொரு கால் ஊன்றும்போதும் ஆட்டி ஆட்டிப் பார்த்தான். காலிலிருந்து எரவாணத்துக்கு எங்கே கயிறு கட்டுவது என்று இருவரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அவன் சொன்னபடி ஒரு மூலை, அவள் சொன்னபடி ஒரு மூலை கட்டி, ஆளுக்கொரு பக்கம் தொங்கிப் பார்த்தார்கள். அவன் மூலை நின்றது. அவள் மறுபேச்சில்லாமல் மற்ற மூலைகளையும் அவன் சொன்னபடி மாற்றிக் கட்டினாள்.

கொட்டகையின் முன்பக்கத்தை வேண்டுமென்றே மேற்கே பார்த்து வைத்தாள். ஆடிக்காற்று மேற்கேயிருந்துதானே வரும்! வந்தது. ஏரிக்கரையில் பனைமரங்கள் மட்டையை உதறின, கோயில் ஓடுகள் சரிந்தன, ஜோசப்ராஜின் வேட்டி கொடியிலிருந்து கிளம்பி ரயிலடி வரைக்கும் போனது. கொட்டகைக்குள் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. ஆரோக்கியசாமி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தார். குடை திருப்பிக்கொண்டது, கொட்டகை அசையவில்லை. "ஆவணில ஆரம்பிச்சிடு," என்று சொல்லிவிட்டு, திருப்பிக்கொண்ட குடையோடு போனார்.

ஆவணி முடிவதற்குள் பள்ளிக்கூடம் எழுந்துவிட்டது. பழைய பின்சுவரின் மேல்பகுதியைச் செலினே கடப்பாரையால் இடித்து வழி திறந்தாள். அழகு என்று பார்த்தால் முன்னதுதான் அழகு. இது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு குந்தியிருக்கிற கிழவி மாதிரி மேட்டில் அமுங்கி உட்கார்ந்திருந்தது. செலின் வயலுக்கு இறங்கிப் போய், பூங்காவனம் வழக்கமாகக் களை எடுக்கிற இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே இருந்த பிள்ளைகளின் தலையெல்லாம் தெரிந்தது.

"இங்கருந்து பாரு பூங்காவனம், தெர்து."

"தெர்து," என்றாள் பூங்காவனம். "போன வருசமுந்தான் தெரிஞ்சுது." குனிந்து வேலையைப் பார்த்தாள். வரப்பில் பேபி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். செலினைப் பார்த்ததும் தழைக்கட்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். செலின் மேடு ஏறி வந்தாள். எந்தப் பிள்ளைக்காக அந்தக் கூரையைக் கட்டினாளோ, அந்தப் பிள்ளை அதற்குக் கீழே வரவில்லை. மற்றப் பெண்பிள்ளைகளும் வரவில்லை. பூங்காவனம் அனுப்பட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். களிமண்ணிடம் கேட்டால் பதில் சொல்லும். தாய்மார் மனசை எதை வைத்துச் செய்து பார்ப்பது?

ஐப்பசியில் புயல் வந்தது. இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வரவில்லை. காலையில் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வானம் இருட்டி, வடகிழக்கேயிருந்து மழையும் காற்றும் சேர்ந்து விழுந்தன. மேட்டு வீடுகளிலிருந்து தாய்மார் ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நனைந்துகொண்டு நின்று, "வெளிய வாங்கடா! கோயிலுக்கு ஓடியாங்க!" என்று கத்தினார்கள். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.

செலின் கோயிலைப் பார்த்தாள். கோயில் செங்கல் சுவர். அங்கே அனுப்பிவிட்டால் அவள் தலையில் பழி விழாது. ஆனால் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் புளியமரம் பேயாடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிளை முறிந்து பாதையில் விழுந்தது. கோயில் ஓடு ஒன்று தெறித்து வந்து அரைச்சுவரில் பட்டு உடைந்தது. அவள் மேலே பார்த்தாள். கூரை முனகியது. மூலைக் கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆட்டுக்கொட்டகையும் இப்படித்தான் முனகியது.

வாசலை மறித்து நின்றாள். "யாரும் வெளிய போவக்கூடாது! நீங்கல்லாம் உள்ள வாங்க!"

"உனுக்கு இன்னா பைத்தியமா, டீச்சரம்மா?"

"உள்ள வாங்கன்றேன்ல! மரம் உயுது, கண்ணு தெர்லயா?"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. முதலில் ஒருத்தி குனிந்து எரவாணத்துக்குள் வந்தாள், பிறகு எல்லாரும் வந்தார்கள். உபதேசியாரும் ஓடு பறக்கிற கோயிலின் கதவைச் சாத்திவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார். பிள்ளைகள் அழுதன. முன்னால் நுழைந்த காற்று எல்லார் தலைமுடியையும் கலைத்துக்கொண்டு பின்பக்கத்து வழியாக ஊளையிட்டுப் போனது.

அப்போது வயலிலிருந்து ஓர் உருவம் மேடு ஏறுவது தெரிந்தது. பூங்காவனம். இடுப்பில் பேபி. பின்னால், வரப்புக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டுக் கூரை பாதி காணவில்லை. கோயிலைப் பார்த்து ஓடினவள், சாத்தியிருந்த கதவையும் விழுந்து கிடந்த கிளையையும் பார்த்து நின்றாள். பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். மழை முகத்தில் அடிக்க, அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கூரை பறந்து வந்து தன் பக்கத்தில் குத்தி நின்றதைக் கண்ட கண் அது.

செலின் மழையில் இறங்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லி வரவழைக்கிற விஷயம் இல்லை அது. அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கையையும் வெளியே நீட்டினாள். அவ்வளவுதான்.

பூங்காவனம் கிட்டே வந்தாள். எரவாணத்துக்குக் கீழே குனிந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை. பேபியை இடுப்பிலிருந்து பிய்த்து எடுத்து, அரைச்சுவருக்கு மேலாக நீட்டினாள்.

"புடி," என்றாள்.

செலின் வாங்கிக்கொண்டாள். ஈரமும் நடுக்கமுமாகப் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது. மகள் உள்ளே போன பிறகுதான் பூங்காவனம் சுவரைத் தாண்டி வந்தாள். வந்து ஒரு மூலையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, மேலே பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை.

காற்று உச்சத்துக்குப் போனபோது பேச்சு கேட்கவில்லை. கூரை ஒருமுறை மூச்சு இழுக்கிற மாதிரி எழும்பப் பார்த்தது. எல்லாரும் "சேசுவே!" என்று அலறினார்கள். கயிறுகள் கிறீச்சிட்டன. கூரை அடங்கி உட்கார்ந்தது. மறுபடி இழுத்தது, மறுபடி உட்கார்ந்தது. செலின் பேபியின் முதுகைத் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் அவள் உதட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

மத்தியானத்துக்கு மேல் காற்று தணிந்தது. மழை தூறலாகிவிட்டது. ஒவ்வொருத்தராக வெளியே போய், கிளை முறிந்த மரத்தையும் பிரிந்த வீடுகளையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். செலின் அரைச்சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

பூங்காவனம் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகிறவள் எரவாணத்தடியில் நின்று, வடக்கு மூலையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"இது தொளதொளன்னு கீது, டீச்சரம்மா," என்றாள். "நாளிக்கிக் காலீல பேபிய இட்டுனு வர்றதுக்குள்ள இஸ்து கட்டிடு."